மலாக்காவா, பினாங்கா, ஈப்போவா: ஒரே ஒரு விடுமுறை கிடைத்தால் எங்கே போவது?

ஒவ்வொரு பருவத் தேர்வும் முடிந்த வாரம் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சமையலறையில் இதே பேச்சுதான். தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கோலாலம்பூருக்குப் படிக்க வந்து ஓராண்டுகூட ஆகாத பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டு, "அக்கா, மூன்று நாள் விடுமுறை, கையில் முந்நூறு வெள்ளி இருக்கிறது. மலாக்காவா, பினாங்கா?" என்று கேட்பார்கள். வெள்ளி என்றால் ரிங்கிட். இங்கே வந்த ஒரு மாதத்தில் எல்லோர் நாக்கிலும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டுவிடும். ஒருவர் ஈப்போ என்பார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் கட்டாயம் "கடாரம்" என்பார், கெடாவின் பழைய பெயர் அது. நள்ளிரவு வரை பேசிவிட்டு, கடைசியில் யாராவது கைப்பேசியில் மலிவாகத் தெரிந்த பஸ் டிக்கெட்டை எடுத்துவிடுவார்கள். அப்படிப் போனவர்களில் பலர் வாடிய முகத்தோடு திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். ஊரில் குறையில்லை. அந்த நாட்களுக்கும் அந்தப் பணத்துக்கும் அந்த ஊர் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

நான் இங்கே ஆய்வு மாணவியாக இருப்பது இது நான்காவது ஆண்டு. சொந்த ஊர் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். இந்த ஊர்களுக்கெல்லாம் தனியாகவும் கூட்டமாகவும் போயிருக்கிறேன். தவறான நேரத்தில் தவறான ஊருக்கும் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவு, வாசலிலிருந்து வாசல் வரை ஆகும் நேரம். "இரண்டு மணி நேரம்" என்று டிக்கெட் தளத்தில் போட்டிருப்பது பஸ் நிலையத்திலிருந்து பஸ் நிலையத்துக்கு. அந்த முனையில் நகரத்துக்குள் நுழைய இன்னொரு பஸ்ஸோ, கிராப் செயலியில் கூப்பிடும் காரோ வேண்டியிருக்கும். இரண்டு நாள் பயணத்தில் அது அரை நாளைத் தின்றுவிடும்.

இரண்டாவது, மொத்தச் செலவு. டிக்கெட்டும் அறையும் மட்டும் செலவல்ல. வெளிநாட்டவர் தங்கும் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. மாணவர் விசாவில் இருக்கும் நாமும் வெளிநாட்டவரே. முன்பதிவுத் தளத்தில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, விடுதி முன்மேசையில்தான் கேட்பார்கள். பல இடங்களில் நுழைவுச்சீட்டுக்கு மைகாட் என்ற மலேசியக் குடிமக்கள் அட்டை வைத்திருப்பவருக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலை. மாணவர் அட்டையைக் காட்டிப் பாருங்கள், சில இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் கணக்குப் போடும்போது ஏற்க மாட்டார்கள் என்று வைத்தே போடுங்கள்.

மூன்றாவது, நடந்தே பார்க்க முடியுமா என்பது. வாகனம் இல்லாத மாணவருக்கு இதைவிடப் பெரிய சிக்கனம் வேறில்லை.

நான்காவது அளவை எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் பார்த்ததில்லை. நான் அதற்குத்தான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்: நம் ஆட்கள் வந்துபோன தடம் அந்த ஊரில் கண்ணுக்குத் தெரிகிறதா? ஐரோப்பியர் கட்டிய கோட்டையையும் தேவாலயத்தையும் எவரும் பார்க்கலாம். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு மட்டுமே திறக்கும் கதவுகள் சில இந்த ஊர்களில் இருக்கின்றன. அவற்றைத் தட்டாமல் திரும்பினால் மனம் ஆறாது.

இன்னொன்று, இது அளவுகோல் அல்ல, எச்சரிக்கை. விசா புதுப்பிக்கும் காலத்தில் நம் பாஸ்போர்ட் வாரக்கணக்கில் நம் கையில் இல்லாமல் போகலாம். முதலாண்டில் நான் அப்படித்தான் நகலை மட்டும் எடுத்துக்கொண்டு மலாக்காவுக்குப் போனேன். விடுதியில் அசல் இல்லாமல் அறை தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கொடுத்த முன்பணமும் போயிற்று. கடைசி பஸ்ஸைப் பிடிக்க முதுகுப் பையோடு ஓடியது இன்னும் நினைவிருக்கிறது.

## ஒரே பார்வையில்

| | மலாக்கா | ஜார்ஜ் டவுன் (பினாங்கு) | ஈப்போ | பூஜாங் பள்ளத்தாக்கு (கெடா) |
|---|---|---|---|---|
| எப்படிப் போவது | பஸ், சுமார் 2 மணி நேரம் | பஸ் சுமார் 5 மணி நேரம். ரயில் 4 மணி நேரத்துக்கு மேல், பிறகு படகு | ரயில், சுமார் 2½ மணி நேரம் | பினாங்குக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்திலிருந்து கார், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் |
| ஒரு வழிக் கட்டணம் | சுமார் 15 வெள்ளி | பஸ் சுமார் 40. ரயில் இரு மடங்கை நெருங்கும் | சுமார் 40 | கார் வாடகையைப் பங்கிட வேண்டும் |
| போதுமான நேரம் | ஒரு பகல், முடிந்தால் ஓர் இரவு | இரண்டு இரவு | ஒரு பகல் | அரை நாள் |
| நடந்தே பார்க்கலாமா | பெரும்பாலும் | முழுக்க | பழைய நகரம் மட்டும் | முடியாது |
| மறைந்திருக்கும் செலவு | வார இறுதி அறை வாடகை | சாப்பாடு, அதிகாலைக் கார் | பத்து காஜா மாளிகைக்குப் போய்வரும் கார் | கார், எரிபொருள், உரிமம் |

கட்டணங்கள் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி, பள்ளி விடுமுறை வாரங்களில் டிக்கெட்டே கிடைக்காமல் போகும்.

## மலாக்கா

கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் வேறு யோசனை வேண்டாம், மலாக்காதான். காலை ஏழு மணிக்குக் கோலாலம்பூரின் டி.பி.எஸ். பஸ் நிலையத்தில் ஏறினால் பத்து மணிக்குள் சிவப்புக் கட்டடங்களுக்கு முன்னால் நிற்கலாம். மலாக்கா சென்ட்ரல் பஸ் நிலையம் பழைய நகரத்திலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. அங்கிருந்து உள்ளூர் பஸ் போகிறது.

வரலாறு இங்கே அடுக்கடுக்காக, ஒரே குன்றைச் சுற்றி இருப்பதால் யாரும் விளக்காமலே புரியும். 1400-ஐ ஒட்டிப் பரமேசுவரன் நிறுவிய துறைமுகம், 1511-இல் போர்த்துகீசியர் கைக்கும் 1641-இல் டச்சுக்காரர் கைக்கும் 1824-இல் பிரிட்டிஷார் கைக்கும் போனது. கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு வாசல் மட்டும். அதைத் தாண்டி மேலே ஏறினால் 1521-இல் கட்டப்பட்ட தேவாலயத்தின் கூரையில்லாத சுவர்கள். கோவாவுக்குக் கொண்டுபோகும் முன் புனித சவேரியாரின் உடல் 1553-இல் சில மாதங்கள் இங்கேதான் இருந்தது. உட்சுவரில் சாய்த்து வைத்திருக்கும் கல்லறைப் பலகைகள் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். மண்டையோடும் கப்பலும் செதுக்கிய அந்தக் கற்களில் கை வைத்துப் பாருங்கள், நண்பகல் வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கும்.

பெரும்பாலோர் இத்தோடு ஜோங்கர் தெருவுக்குப் போய்ச் செண்டோல் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு வருத்தம் அதுதான். அந்தத் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே, ஜாலான் துக்காங் எமாஸில், 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் இருக்கிறது. டச்சு ஆட்சி மலாக்காச் செட்டிகளின் தலைவருக்குக் கொடுத்த நிலத்தில் எழுந்தது. உயரமான கோபுரத்தைத் தேடினால் கண்ணில் படாது, எளிமையான கட்டடம். ஒரே வரிசையில் மசூதியும் சீனக் கோயிலும் உண்டு.

மலாக்காச் செட்டிகள் யார்? சுல்தான்கள் காலத்திலேயே வணிகத்துக்கு வந்து, இங்கேயே மணமுடித்துத் தங்கிவிட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள். போர்த்துகீசியர் நினா சத்து என்று எழுதிவைத்த தமிழ் வணிகர், 1511-க்குப் பிறகு பெண்டஹாரா என்ற உயர் பதவியிலேயே அமர்ந்தார். இன்று செட்டிகள் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது மலாய் உடையான சாரோங் கெபாயா. ஆனால் கும்பிடுவது பிள்ளையாரையும் முருகனையும் மாரியம்மனையும். போகியன்று முன்னோருக்குப் படைப்பதை அவர்கள் 'போகிப் பார்ச்சு' என்கிறார்கள். பழைய நகரத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் காஜா பெராங்கில் அவர்களுடைய கம்போங், அதாவது குடியிருப்பு, இருக்கிறது, சிறிய அருங்காட்சியகமும் இருக்கிறது.

இரண்டாம் முறை போனபோது அங்கே ஒரு வீட்டு வாசலில் காய்ந்த மாவிலைத் தோரணத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு பாட்டி, "மாசோக், மாசோக்" (உள்ளே வா) என்று கூப்பிட்டார். பூசை அறையில் எண்ணெய்ப் பிசுக்கேறிய குத்துவிளக்கு, முருகன் படம், திருநீற்றுக் கிண்ணம். என் அப்பத்தா வீட்டு மாடத்தில் என்ன இருக்குமோ அதுவே இருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. என் மலாய் கடைத்தெரு மலாய். திருநீற்றைத் தொட்டு என் நெற்றியில் வைத்துவிட்டார். மொழி போன பிறகும் என்னவெல்லாம் மிஞ்சும் என்று அன்று கண்ணால் பார்த்தேன்.

செலவில் கவனிக்க வேண்டியது வார இறுதி. ஜோங்கர் இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் மட்டுமே நடக்கிறது. அதனால் அந்த இரவுகளில் அறை வாடகை ஏறிவிடும். ஞாயிறு மாலை கோலாலம்பூர் திரும்பும் பஸ்கள் நிரம்பிவிடும், நெடுஞ்சாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் மூன்றாகும். சந்தை உங்களுக்கு முக்கியமில்லை என்றால் செவ்வாய், புதன் போன்ற நாளில் போங்கள். ஊர் அமைதியாக உங்களோடு பேசும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா பார்க்க வந்தாலும் மலாக்காதான் ஏற்றது. பயணம் குறைவு, ஏறி இறங்குவது அந்த ஒரு குன்று மட்டும்.

## ஜார்ஜ் டவுன்

மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் 2008 ஜூலையில் ஒன்றாகவே யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறின. அதனால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். மலாக்கா பார்த்துவிட்டு வரும் ஊர். ஜார்ஜ் டவுனில் மக்கள் இன்னும் அந்தப் பழைய தெருக்களிலேயே கடை திறந்து, பூசை செய்து, தொழுது, சமைத்து வாழ்கிறார்கள். அதனால்தான் இதற்கு இரண்டு இரவு வேண்டும் என்கிறேன்.

1786-இல் பிரான்சிஸ் லைட் இறங்கிய இடம் இது. பழைய பெயர் வேல்ஸ் இளவரசர் தீவு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் வேறு வகையில் தெரியும். 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, சின்ன மருதுவின் இளைய மகன் துரைச்சாமியையும் அவரோடு எழுபதுக்கும் மேற்பட்டோரையும் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றி இந்தத் தீவுக்குத்தான் நாடு கடத்தினார்கள். சிறுவயதில் மேடைப் பேச்சில் கேட்ட பெயர். கார்ன்வாலிஸ் கோட்டையின் தடித்த செங்கல் சுவருக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்து நின்றபோதுதான் அது எவ்வளவு தூரம் என்று உறைத்தது. நான் சுற்றிப் பார்த்தவரை துரைச்சாமியின் பெயரை எங்கும் காணவில்லை. கோட்டையைவிட்டு வரவே மனமில்லாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நடக்க இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது. கடைவீடுகளின் முன்னால் அஞ்சடி எனும் கூரையிட்ட நடைபாதை ஓடுகிறது. மழையிலும் வெயிலிலும் அதற்குள்ளேயே பாதி நகரத்தைக் கடந்துவிடலாம். ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் என்ற ஒரே தெருவில் 1818-இல் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் கருணைத் தேவி கோயில், 1801-இல் பரங்கிப்பேட்டைக்காரரான காதர் முகைதீன் நிறுவிய கப்பித்தான் கிளிங் மசூதி எல்லாம் உண்டு. பக்கத்து குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். கிங் தெருவும் சூலியா தெருவும் சந்திக்கும் முனையில் நாகூர் தர்கா. நாகப்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போனால் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிடுவார்கள். கால் வலித்தால் நகரத்துக்குள் சுற்றிவரும் இலவச கேட் பஸ் இருக்கிறது.

லிட்டில் இந்தியாப் பகுதியின் லெபோ பசாரில் காலை எட்டு மணிக்குப் போங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டம். ஒரு மளிகைக் கடைக்காரப் பெரியவர் வாசல் தெளித்துச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். "எந்த ஊரம்மா?" என்றார். சொன்னேன். "எங்கள் அப்பா காரைக்குடிப் பக்கம். ரஜூலாவில் வந்தவர்" என்றவர், கல்லாப்பெட்டிக்குக் கீழே குனிந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்துக் காட்டினார். மூடியில் வெள்ளைப் பெயின்டில் ஒரு பெயர், அதற்குக் கீழே 'நாகப்பட்டினம்'. பெயர் பாதி உரிந்துபோயிருந்தது, ஊர்ப் பெயர் அப்படியே இருந்தது. 1926 முதல் 1973 வரை சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் பினாங்குக்கு ஓடிய கப்பல் அது. தோட்ட வேலைக்கு வந்தவர்களை முதலில் ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைத்துத்தான் உள்ளே விடுவார்கள் என்றும் அவரே சொன்னார். பெட்டிக்குள் இப்போது பழைய கணக்கு நோட்டுகள்.

அதனால் ஒரு வேண்டுகோள்: பாலத்தின் வழியாகத் தீவுக்குள் நுழையாதீர்கள். "பினாங்கு" என்று எழுதிய பஸ்களில் சில சுங்கை நிபோங்குக்குப் போகும். அது தீவில்தான், ஆனால் பழைய நகரத்திலிருந்து வெகுதூரம். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியும் முன் அங்கே இறக்கிவிடுவார்கள், கார்க் கட்டணம் மிச்சத்தை விழுங்கிவிடும். தனியாகப் போகும் பெண் பிள்ளைகளுக்கு அந்த நேரம் நல்லதும் அல்ல. பட்டர்வொர்த் பினாங்கு சென்ட்ரலுக்கு டிக்கெட் எடுத்து, பக்கத்திலேயே இருக்கும் படகுத்துறையில் ஏறுங்கள். சில வெள்ளிதான். நகரம் நீருக்கு மேலே கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து வரும். கப்பலில் வந்தவர்கள் பார்த்ததும் அந்தப் பக்கத்திலிருந்துதான்.

பணம் கரைவது சாப்பாட்டில். சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடைகளில் தட்டைப் பார்த்து விலை சொல்வார்கள். கோழியும் காயும் என்றால் அளவோடு நிற்கும். பெரிய இறாலையோ மீன் சினையையோ கை காட்டிவிட்டால் இரண்டு வேளைச் சாப்பாட்டுப் பணம் ஒரே தட்டில் போய்விடும். கை காட்டுவதற்கு முன் விலை கேளுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பினாங்கு மலை ரயிலிலும் வெளிநாட்டவர் கட்டணம் அதிகம். அதற்குப் பதிலாகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏறுங்கள். நகரமும் கடலும் தெரியும், டிக்கெட் கிடையாது. தைப்பூசத்தில் போனால் வெள்ளி ரதம் பார்க்கலாம், ஆனால் அறைக்கு மாதக்கணக்கில் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

ஒரு நாள் மட்டும் இருந்தால் இங்கே வராதீர்கள். பத்து மணி நேரம் பஸ்ஸில் கழியும்.

## ஈப்போ

முதல் பயணத்துக்கு ஈப்போவைச் சொல்ல மாட்டேன். ஈயத்தால் வளர்ந்த நகரம். பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைத்து 1917-இல் முடிந்த ரயில் நிலையம் அழகு. நிலையத்திலிருந்து வெளியே வந்தவுடனே பழைய நகரம் தொடங்கிவிடுவதால் மற்ற ஊர்களைவிட இங்கே போவது எளிது. வெள்ளைக் காப்பி குடித்து, சுவரோவியங்களைப் பார்த்து, கல்லுமலைக் குகைக்கோயிலுக்குப் போய்வந்தால் பகல் முடிந்துவிடும்.

இங்கே பார்க்க வேண்டியது நகரத்துக்கு வெளியே, பத்து காஜாவில் இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கிய மாளிகை. வேலைக்கு மதராஸிலிருந்து தமிழர்களைக் கொண்டுவந்தார். ஸ்பானியக் காய்ச்சலில் அவர்களில் பலர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் கோயில் கேட்டார்கள், கட்டிக் கொடுத்தார். அந்தக் கோயில் கூரையில் தெய்வங்களுக்கு நடுவே வெள்ளைக் கோட்டு அணிந்த ஓர் ஆள் நிற்கிறார். அவர்தான் அந்த முதலாளி என்கிறார்கள். 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் மாளிகை பாதியில் நின்றது. எல்லோரும் மாளிகைக்கு டிக்கெட் எடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் கோயிலுக்கும் போங்கள், இறந்தவர்களின் பெயர் எங்கும் இல்லையென்றாலும் அவர்கள் கேட்டு வாங்கியது அங்கே நிற்கிறது.

அங்கே போகக் கார் கிடைக்கும், திரும்பக் கிடைப்பது அரிது. காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொண்டு போவது நல்லது. அந்தத் தொகையையும் சேர்த்தால் ஈப்போ மலிவான பயணம் அல்ல.

## பூஜாங் பள்ளத்தாக்கு

கடாரம் என்ற சொல்லே இழுக்கும். 1025-ஐ ஒட்டி இராசேந்திர சோழனின் கடற்படை வந்தது இந்தப் பக்கம். அதற்குச் சுமார் இருபது ஆண்டுகள் முன்னர், இராசராசன் காலத்தில், கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரை எழுப்பினார். ஆக, உறவும் இருந்தது, போரும் இருந்தது.

ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். மெர்போக்கில் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் அடித்தளமும் தூண் பீடங்களும்தான் இருக்கும். மரத்தாலான மேற்கட்டு எப்போதோ மக்கிவிட்டது. குனூங் ஜெராய் அடிவாரம், பக்கத்தில் ஓடை, மரநிழல். வரலாறு கொஞ்சம் படித்துவிட்டுப் போனால் அந்தக் கற்கள் முன்னால் நெடுநேரம் நிற்கலாம், படிக்காமல் போனால் பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவீர்கள். 2013-இல் இந்தப் பள்ளத்தாக்கிலேயே 11-ஆம் எண் கோயிலின் எச்சத்தை நில மேம்பாட்டுக்காக இடித்துத் தள்ளினார்கள். இருப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் காரணம்.

பொதுப் போக்குவரத்தை நம்ப முடியாது. நான்கு பேர் சேர்ந்து, இங்கே செல்லும் ஓட்டுநர் உரிமம் ஒருவரிடமாவது இருந்தால், பினாங்குப் பயணத்தில் அரை நாளாகச் சேர்த்துக்கொள்ளலாம். தனி ஆளாக வேண்டாம்.

## இரண்டைச் சேர்க்கலாமா?

மலாக்கா தெற்கே, பினாங்கு வடக்கே. மூன்று நாளில் இரண்டையும் என்று ஆசைப்பட்டவர்கள் எனக்குக் காட்டிய படங்களில் பாதி நெடுஞ்சாலை ஓய்விடங்கள். ஈப்போவையும் பினாங்கையும் சேர்க்கலாம், இரண்டும் ஒரே ரயில் பாதையில் வருகின்றன. நான்கு நாள் இருந்தால் வழியில் ஒரு பகல் ஈப்போவில் இறங்கி, மாலை ரயிலில் பட்டர்வொர்த் போய்விடலாம்.

அந்த முந்நூறு வெள்ளிக்கு வருகிறேன். பினாங்குக்குப் பஸ்ஸில் போய்வர 80. பலர் தங்கும் அறையில் இரண்டு இரவுக்கு 80. சுற்றுலா வரிக்கு 20 எடுத்து வையுங்கள். சாப்பாட்டுக்கு நாளுக்கு 30, மூன்று நாளுக்கு 90. ஆக 270. படகுக்கும் கோட்டைக்கும் மீதி 30. இறாலுக்கு இடமில்லை. இதே பணத்தில் மலாக்காவுக்கு இரண்டு முறை போய்வரலாம் என்பதும் உண்மை. கையில் இருநூறுக்கும் குறைவு என்றால் வார நாளில் மலாக்கா போங்கள், பினாங்கை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவையுங்கள்.

போன வாரம் கேட்ட இரண்டு தம்பிகளுக்கும் இதைத்தான் சொன்னேன். சனிக்கிழமை காலை ஏழு மணி பஸ், பட்டர்வொர்த் வரை. ஒருவன் உடனே கைப்பேசியை எடுத்தான். பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பல்கலைக்கழக அலுவலகத்தில் என்றான். திங்கட்கிழமை போய் முதலில் அதை வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.